கண்டக்டர் துறை

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து சாயங்காலம் புறப்படும் எங்கள் டவுன் பஸ், காவிரிப் பாலத்தில் முக்கால் தூரம் போனதும் மாட்டு வண்டி மாதிரி ஊர ஆரம்பிக்கும். எஞ்சினில் கோளாறு ஒன்றும் கிடையாது. டிரைவர் காதர் பாய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார், அவ்வளவுதான்.

நான் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு, கிழக்குப் பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் யாரோ அவர் தோளுக்கு மேலாகத் தலையை வெளியே நீட்டுவேன். தூரத்தில், ஸ்ரீரங்கக் கரையோரம், ஒரு பூவரச மரம் ஆற்றுக்குள் சாய்ந்து நிற்கும். அதற்குக் கீழே தண்ணீரில் மிளகு தூவினது போல் தலைகள். எல்லாம் பெண்கள் தலைகள். அதில் ஒன்று என் மனைவி தையல்நாயகியுடையது.

எது என்று தெரியாது. அதுதான் என் துன்பம். தண்ணீருக்கு மேலே தலை மட்டும் தெரியும்போது எல்லாப் பெண்களும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள்.

ஒரு மிளகு சட்டென்று காணாமல் போகும். அது மறுபடி மேலே வருகிற வரைக்கும் எனக்கு மூச்சு வராது.

"என்ன கண்டக்டரே, ஆத்துல யாரோ டிக்கெட் எடுக்காமப் போறாங்களா?" என்று ஒரு தேங்காய் வியாபாரி ஒருநாள் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. காதர் பாய் மட்டும் திரும்பாமல், "பாத்தாச்சாய்யா? விடட்டுமா?" என்றார்.

"ஒரு தலை இன்னும் வரல பாய்."

"வரும்யா. மீனு முங்குனா வராம எங்க போயிரும்."

வந்தது. "ரைட்" என்றேன். பஸ் வேகம் எடுத்தது.

போன வாரம் இதே பத்திரிகையில், டிக்கெட் பையைத் திருவானைக்காவலில் விட்டுவிட்டு மாம்பழச் சாலை வரைக்கும் ஓடிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், "இத்தனை பயந்த மனுஷனுக்கு யார் பெண் கொடுத்தார்கள்?" என்று கேட்டிருக்கிறார். அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் பாலம் வரும். பாலம் வந்தால் அந்தத் துறையும் வரும்.

காலைச் சொன்னார்கள்

எனக்குப் பயம் பிறவியிலேயே உண்டு. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த ஒரு வருஷம், எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் வேடிக்கை பார்க்கப் போனபோது நான் ஒருவன் கட்டிலுக்கு அடியில் இருந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அப்பா போனபிறகு பஸ் கழுவும் வேலைக்குப் போனேன். அங்கிருந்து கிளீனர், அங்கிருந்து கண்டக்டர். பஸ்ஸில் ஏறினாலும் பயம் இறங்கவில்லை. பிரேக் பிடிக்குமா, டயர் தாங்குமா, பாலம் நிற்குமா என்று மூன்றையும் ஒவ்வொரு டிரிப்பிலும் நினைப்பேன். காதர் பாய் என்னை "கவலை கண்டக்டர்" என்றுதான் டிப்போவில் சொல்லுவார்.

தையல்நாயகிக்கு லால்குடிப் பக்கம். வாய்க்கால் ஓரத்து வீடு. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் மெலிந்துபோனது. நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிரும். பெண் பார்க்கப் போனபோது அவள் அப்பா அதை மறைக்காமல் முதல் வார்த்தையாகச் சொன்னார். "கால் இழுக்குமுங்க. பாத்துட்டு அப்புறம் பலகாரம் சாப்பிடுங்க" என்றார்.

காலைச் சொன்னார்கள். நீச்சலைச் சொல்லவில்லை.

கல்யாணமான வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றுக்குப் போனோம். காதோலை கருகமணி எல்லாம் வைத்துக் கும்பிட்டு, சித்திரான்னப் பொட்டலத்தைப் பிரிக்கலாம் என்று திரும்பினால் ஆளைக் காணோம். புதுத் தண்ணீர், செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. நான் படித்துறையில் நின்று போட்ட கூச்சலில் பரிசல்காரர் ஒருவர் துடுப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அதற்குள் ஆற்றின் நடுவில் ஒரு தலை. அவள் எதிர் வெள்ளத்தில் கை போட்டு, நேர்க்கோடு போட்டாற்போல் வந்துகொண்டிருந்தாள். தண்ணீருக்குள் அவளுக்கு இரண்டு காலும் ஒன்றுதான்.

கரைக்கு வந்து, படியைப் பற்றி ஏறி, சேலையைப் பிழிந்தபடி, "எதுக்கு இப்படிக் கத்துறீங்க? பாருங்க, சோத்துல மண்ணு விழுந்துருச்சு" என்றாள். ஏறிய அடுத்த அடியிலேயே உடம்பு சாய்ந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக, இவள் தண்ணீரிலேயே இருந்துவிடக் கூடாதா என்று நினைத்தேன். தண்ணீர் என்றால் நடுங்குகிறவன் அப்படி நினைத்தேன்.

மஞ்சள் கிழங்கு

பூவரச மரத்தடியில் ஒரு மடு. கோடையில் ஆறு முழுக்க மணலாகக் கிடக்கும்போதுகூட அங்கே ஆள் முங்கும் தண்ணீர் நிற்கும். மதியம் திரும்பியதும் ஆண்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். யாரும் போட்ட சட்டமில்லை, பழக்கம்.

அங்கே பெண்கள் குளிக்க மட்டும் போகவில்லை. இதை இப்போதாவது எழுதுகிறேன். விளையாடப் போனார்கள். கோமளத்து மாமி என்று உத்தர வீதியிலிருந்து ஒரு அம்மாள் வருவார். பேரன் எடுத்தவர். முகத்துக்கு மஞ்சள் தேய்த்து முடித்ததும் மிச்சக் கிழங்கை மடுவின் நடுவே விட்டெறிவார். அது தரை தொடுவதற்குள் முங்கி எடுக்க வேண்டும். அதுதான் விளையாட்டு. கவிழ்த்த குடத்தைப் பிடித்துக்கொண்டு நீந்தப் பழகுகிறவர்கள் கரையோரம் நின்று கத்துவார்கள். எடுப்பது பெரும்பாலும் தையல்நாயகிதான்.

இதெல்லாம் அவள் எனக்கு வீட்டில் சொன்னது. சொல்லும்போது உட்கார்ந்த இடத்திலேயே கையை வீசிக் காட்டுவாள். தலை ஈரம் என் மேல் தெறிக்கும்.

வீட்டில் அவள் அதிகம் நடமாட மாட்டாள். கடைக்கு நான்தான். கல்யாணம் காட்சி என்றால், "நீங்க போயிட்டு வாங்க" என்பாள். தெருவில் அவள் நடந்தால் சின்னப் பிள்ளைகள் பின்னால் நடந்து காட்டும். ஒருநாள் முழுவதிலும் யாரும் அவள் காலைப் பார்க்காத நேரம் அந்தச் சாயங்கால நேரம் ஒன்றுதான். அதனால்தான் அத்தனை பயத்திலும் அவளைப் போகாதே என்று நான் சொன்னதில்லை. பாலத்தின் மேல் பஸ்ஸை மெல்ல ஓட்டச் சொன்னதோடு சரி.

கிணறு இறங்கியது

ஐம்பதுகளின் கடைசியோ அறுபதுகளின் தொடக்கமோ, சரியாக நினைவில்லை. பழைய பாலத்துக்குக் கிழக்கே புதிதாக ஒன்று வரப்போகிறது என்றார்கள். பெரிய பாலமெல்லாம் இல்லை. தண்ணீர்க் குழாய் போக, கூடவே சைக்கிளும் ஆளும் போக ஒரு வழி.

முதலில் சவுக்குக் கம்புகள் வந்தன. பிறகு கருங்கல் லாரிகள். பாலத்துக்கு அஸ்திவாரமாக ஆற்றுக்குள் கிணறு இறக்குவார்கள். கிணறு என்றால் பெரிய உறை. உள்ளே மணலை அள்ள அள்ள அது தன் பாரத்திலேயே கீழே போகும். அதைச் சுற்றித் தண்ணீர் வராமல் மணல் மூட்டை அடுக்கி வளையம் கட்டுவார்கள். அந்த வளையங்களில் ஒன்று பூவரச மரத்துக்குப் பக்கத்தில் வந்தது. ஒவ்வொரு நாளும் பஸ்ஸிலிருந்து பார்க்கையில் மூட்டைகள் மடுவை நோக்கி ஒரு சாண் நெருங்கியிருப்பதாக எனக்குத் தோன்றும்.

வெட்டிய கம்பித் துண்டுகளைக் கரையிலிருந்து தண்ணீரில் தள்ளுவதை ஒருநாள் கண்ணால் பார்த்தேன். அன்று ராத்திரி முழுக்க, முங்குகிறவள் வயிற்றில் அந்தக் கம்பி என்ன செய்யும் என்றுதான் நினைப்பு ஓடியது.

"போகாம இரேன் கொஞ்ச நாளைக்கு" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. வேலை நடக்கும் இடத்துக் கொட்டகைக்குப் போய், பெண்கள் இறங்குகிற இடம், கம்பியைப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஓவர்சியர் ஒருவர் கேட்டுவிட்டு "பார்க்கலாம்" என்றார். மறுவாரம் போனேன். "நீங்கதானே அன்னிக்கு வந்தது?" என்றார். அதற்கடுத்த தடவை என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கூலியாட்கள், "கவலை வருதுடா" என்று சொல்லிக்கொண்டது காதில் விழுந்தது. டிப்போப் பட்டம் அங்கே வரைக்கும் எப்படிப் போனதோ.

ஆனாலும் போனதற்குப் பலன் இருந்தது. எஞ்சினியரே ஒரு சாயங்காலம் துறைக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார்.

இரண்டு இங்கிலீஷ் வார்த்தை

நல்ல மனிதர். அவரைக் கெட்டவராக எழுத முடிந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருக்கும். சின்ன வயசு, கண்ணாடி, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியில் இறங்கினார். பின்னால் ஓவர்சியரும் நாலைந்து ஆட்களும். பெண்கள் அவசரமாகக் கரையேறி, ஈரச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மரத்தடியில் கூட்டமாக நின்றார்கள். நான் அன்று லீவு போட்டிருந்தேன்.

அவர் விளக்கமாகப் பேசினார். வேலை முடியும்வரை இந்த இடத்தைப் பத்திரமாக வைப்பது தன் பொறுப்பு என்றார். ஆனால் இங்கே நடப்பது என்னவென்று தெரிந்தால்தான் அதற்குத் தகுந்தபடி செய்ய முடியும். "பாத்திங்கா, ரிக்ரியேஷனா?" என்று கேட்டார்.

முதல் வார்த்தை எனக்குத் தெரியும், குளியல். இரண்டாவது ஆறாம் வகுப்பில் வரவில்லை. என் முகத்தைப் பார்த்து அவரே தமிழில் சொன்னார்: வெறும் குளியல் என்றால் கரையோரம் வேலி போட்டு, ஆழம் இல்லாமல் செய்து கொடுத்துவிடலாம். விளையாட்டு, நீச்சல் என்று இருந்தால் மடுவைத் தொடக் கூடாது. மூட்டை வளையத்தைத் தள்ளிக் கட்ட வேண்டும், கீழே கிடக்கும் கம்பிகளை அள்ள வேண்டும், மிதவை கட்டிக் கயிறு போட வேண்டும். செலவுதான், ஆனால் எழுதிக் கேட்டு வாங்குகிறேன் என்றார்.

விளையாட்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கோமளத்து மாமி வேறு பக்கம் பார்த்தார்.

நான் சொன்னேன். திக்கித் திக்கித்தான், ஆனால் சொன்னேன். "நீஞ்சுவாங்க சார். எல்லாருமே நீஞ்சுவாங்க. என் வீட்டுக்காரி ஆத்தக் குறுக்கால கடப்பா."

எஞ்சினியர் மரியாதையாக அவள் பக்கம் திரும்பினார். "அப்படிங்களாம்மா? முன்னால வந்து சொல்லுங்க."

அவள் இரண்டடி முன்னால் வந்தாள். இரண்டடிதான். சாய்ந்து நிமிர்ந்து, சாய்ந்து நிமிர்ந்து. பின்னால் நின்ற ஆட்களில் ஒருவன், "இந்தம்மாவா ஆத்தக் கடக்குறது? கண்டக்டருக்குக் கவலைதான்னு நெனச்சேன், கற்பனையும் உண்டா" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். ஓவர்சியரும் குனிந்து சிரித்தார்.

தையல்நாயகி ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு எஞ்சினியரைப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள்.

"அதெல்லாம் இல்லீங்க. அவருக்கு எதுக்கெடுத்தாலும் பயம், கூட்டிச் சொல்லிருவாரு. நாங்க குளிக்கிறதோட சரிங்க."

"வேற யாராவது நீந்துவீங்களா?" என்று அவர் பொதுவாகக் கேட்டார்.

கோமளத்து மாமி, "ஸ்நானம் பண்றதுக்குத்தான் வரோம். பொம்மனாட்டிகளுக்கு ஆத்துல வேற என்ன வேலை" என்றார். மஞ்சள் கிழங்கு அப்போதும் அவர் கையில் இருந்தது.

வீட்டில்

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னே என்று. அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சாங்கல்ல."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறானுங்க. ஒன் கால ஊரே பாத்திருக்கு. புதுசா என்ன?"

"என்னப் பாத்துச் சிரிச்சா எனக்குப் பழக்கம்" என்றாள். "அவங்க ஒங்களப் பாத்துச் சிரிச்சாங்க. பேச்ச அதோட முடிக்கத்தான் அப்படிச் சொன்னேன்."

மறுநாள் காலை டியூட்டிக்கு முன்னால் கொட்டகைக்கு ஓடினேன். எஞ்சினியர் எழுந்து நின்று வரவேற்றார். நான் சொல்வதை முழுக்கக் கேட்டார். அவள் வெட்கத்தில் அப்படிச் சொல்லிவிட்டாள், அவள் நிஜமாகவே நீந்துவாள், ஒருநாள் பாலத்தின் மேல் நின்று பாருங்கள் என்றேன். பெண்கள் குளிக்கிற இடத்தைப் பாலத்திலிருந்து பார் என்று ஒரு ஆபீசரிடம் சொல்கிறேனே என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் காது சிவந்துவிட்டது.

"ஒங்க பயம் எனக்குப் புரியுதுங்க" என்றார். "அந்த அம்மாவே வாயால சொல்லிட்டாங்க. நான் பாத்துக்கறேன். இனிமே அங்க யாரும் முங்கிப் போயிருவாங்களோன்னு நீங்க ஒரு நாள்கூடப் பயப்பட வேண்டாம்."

தோளில் தட்டி அனுப்பினார். என் வாழ்க்கையில் என் பயத்தை மதித்துக் காது கொடுத்த ஒரே அதிகாரி அவர்தான்.

மாமியிடமும் போனேன். அவராவது வந்து சொன்னால் எடுபடும் என்று. வாசலில் நின்றே பேசினார். "நீர் நல்ல மனுஷர்தான். ஆனா பேரன் எடுத்தவ ஆத்துல விளையாடறேன்னு ஒரு பிள்ளை வயசு ஆம்பிள்ளைகிட்ட எந்த மூஞ்சிய வெச்சுண்டு சொல்றது?" என்றார். பிறகு, "தையலுக்கு ரொம்ப வருத்தமா?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. உள்ளே போய்விட்டார்.

நிரப்பினார்கள்

எஞ்சினியர் சொன்னபடி செய்தார். அதுவும் சீக்கிரமாக. லாரி லாரியாக மணல் வந்து மடுவில் விழுந்தது. நாலைந்து நாள் தண்ணீர் அதை ஏற்றுக்கொள்ளாத மாதிரி குமிழியிட்டுக்கொண்டே இருந்தது, பிறகு அடங்கிவிட்டது. கரையோரம் சவுக்குக் கம்பு வேலி, வேலிக்குள் முழங்கால் அளவு தண்ணீர், இறங்கப் புதுப் படி, பிடித்துக்கொள்ளச் சங்கிலி. சங்கிலி அவள் காலுக்காக. எஞ்சினியர் அதைத் தனியாகச் சொல்லிப் போடவைத்தாராம்.

ஊரில் எல்லாருக்கும் சந்தோஷம். பாலம் கட்டுகிறவர்களிடம் சண்டை போட்டுப் பெண்களுக்கு ஒரு துறை வாங்கிக் கொடுத்தவன் என்று எனக்குப் பெயர். தேங்காய் வியாபாரி பஸ்ஸில் வைத்துக் கை கொடுத்தார். பெயரும் வைத்துவிட்டார்கள். கண்டக்டர் துறை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும், மரம் விழுந்து, ஆறு தள்ளிப்போன பிறகும், அந்தப் பக்கத்தில் பழைய ஆட்கள் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் யாரென்று தெரியாமல் எனக்கே ஒருவர் வழி சொல்லியிருக்கிறார்.

வேறு இடம் கிடையாதா என்று கேட்பீர்கள். தேடினேன். அம்மா மண்டபப் படித்துறையில் எந்நேரமும் கூட்டம். கீழே போனால் வண்ணார் துறை, அதற்கும் கீழே ஓயாமாரிச் சுடுகாட்டுக்கு எதிர்க்கரை. ஒரு பெண் யார் கண்ணிலும் படாமல் கை வீசி நீந்த, அத்தனை பெரிய ஆற்றில் அந்த ஒரு இடம்தான் இருந்தது.

மறுபடி பாலத்தின் மேல்

புதுத் துறை திறந்த அன்று எனக்குச் சாயங்கால டிரிப். பாலத்தில் முக்கால் தூரம் வந்ததும் காதர் பாய், யாரும் சொல்லாமல், காலை எடுத்தார். பஸ் ஊர்ந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன்.

மிளகுகள் இல்லை. வேலிக்குள் பெண்கள் முழு உருவமாக நின்றுகொண்டிருந்தார்கள். சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மாமியாகத்தான் இருக்க வேண்டும், பழக்க தோஷத்தில் எதையோ விட்டெறிந்தார். அது விழுந்த இடத்தை எல்லாரும் பார்த்தார்கள். யாரும் முங்கவில்லை. முங்க அங்கே தண்ணீர் இல்லை.

ஒரு உருவம் மட்டும் அதை எடுக்கப் போயிற்று. முழங்கால் தண்ணீரில், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, சாய்ந்து நிமிர்ந்து, சாய்ந்து நிமிர்ந்து போய், குனிந்து எடுத்தது. மற்றவர்கள் அசையாமல் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தனை தூரத்திலிருந்தும் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

"தெரியுதாய்யா?" என்றார் காதர் பாய்.

"தெரியுது பாய்."

"முன்னல்லாம் எந்தத் தலைன்னு தேடிக்கிட்டுக் கிடப்பியே."

"இனிமே மெதுவா ஓட்ட வேண்டாம் பாய்" என்றேன். அவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"ரைட்" என்றேன்.